அலமாரிப் பக்கம் திரும்பிய முகம்

ரகு,

இதை நீ தனியாக வாசிக்க வேண்டாம். கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி உனக்கு நழுவிவிடும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நந்தினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவள் வாசிக்கட்டும், நீ கேள். நடுவில் பூனைக்குப் பால் வைக்கிறேன் என்று எழுந்து போகாதே. பூனை பொறுத்துக்கொள்ளும், என்னால்தான் முடியாது. நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். நேரில் சொன்னால் பாதியிலேயே நீ என் முகத்தைப் பார்ப்பாய். நீ அப்படிப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, எனக்குப் பொறக்கறதும் என்னை மாதிரிதான் இருக்குமா?" இருக்காது என்றேன். "நீ அம்மா, வேற என்ன சொல்லுவே" என்றாய். அப்புறம், "என்னை மாதிரி இருக்கும்னா வேண்டாம்மா. நான் நந்தினிகிட்ட சொல்லிடப்போறேன், எங்களுக்குக் கொழந்தையே வேண்டாம்" என்றாய். சுண்டல் அப்படியே ஆறிப்போயிற்று. அன்று மாலை மந்தைவெளியில் உங்கள் வீட்டுச் சமையலறையில் நந்தினி என்னிடம் மெல்லிய குரலில் சொன்னாள்: "அத்தை, நாள் தள்ளிப்போயிருக்கு. இன்னும் டெஸ்ட் பண்ணல. அவர்கிட்ட சொல்லவே பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?" இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் குரல் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொள்.

அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்கு வேறொன்று மூக்கில் ஏறிவிட்டது. வெல்லம் புளித்த வாசனை, அதற்கு மேல் கிராம்பு, அதற்கும் மேல் பெயர் சொல்லத் தெரியாத ஒன்று. கடுகு டப்பாவுக்குப் பின்னால் பழுப்பு நிறப் பாட்டில் ஒன்று நின்றது. கால்வாசி குறைந்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் உன் மாமியார் நந்தினிக்கென்று தியாகராய நகரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த அரிஷ்டம். ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்தார், ஒரு கையில் பால்கோவா, ஒரு கையில் இது. "மதினி, வயித்துக்குப் பலம்லா. காலைல ரெண்டு மூடி, ராத்திரி ரெண்டு மூடி. மருந்துதான, பயப்படாதிய" என்று அந்த அம்மாள் என்னிடம் காட்டுவதற்காக மூடியைத் திருகித் திறந்தார். நீ அப்போது ஹாலில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். மூடி திறந்த கொஞ்ச நேரத்தில் உன் தலை மெல்லத் திரும்பியது. "என்னமோ நல்ல வாசனையா இருக்கே" என்றாய். உன் மாமியார் சிரித்தார். அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், அந்த அம்மாள் மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன். நீ அப்படித் திரும்புவதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அப்போது உனக்குக் கழுத்தே நிற்கவில்லை.

உன்னைப் பெற்றவள் என் தங்கை வசு என்பது உனக்குத் தெரியும். அவள் எப்படி இருந்தாள் என்று நீ கேட்டபோதெல்லாம் நன்றாகப் பாடுவாள், நன்றாகச் சிரிப்பாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் உண்மை. இரண்டு கரு கலைந்தபின் இரண்டுமே நின்றுபோயின என்பதும் உண்மை. அவள் கணவருக்கு அப்போது வடக்கே வேலை, லீவில் வந்துபோவார். உன் பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் செய்கிறாரே, அவர்தான். வசு மந்தைவெளியில் எங்கள் அப்பாவோடு இருந்தாள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து லேபில் உதவியாளராக இருந்தேன். வசுவுக்குத் தூக்கம் வருவதில்லை. கோயிலில் யாரோ சொன்னார்கள் என்று அப்பா குளத்துப் பக்கமிருந்த நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கிவந்தார். குடித்தாள், தூக்கம் வந்தது. தூக்கம் வருகிறதே என்று இன்னும் கொஞ்சம் குடித்தாள். இரண்டு மூடி அரை டம்ளர் ஆயிற்று, அரை டம்ளர் முழு டம்ளர் ஆயிற்று. அப்பா பை நிறைய பாட்டில் வாங்கிவந்து மர அலமாரியில் அடுக்கிவைத்தார். மூன்றாவது தடவை உண்டானாள். இந்தத் தடவை கரு நின்றது. பார்த்தாயா, மருந்து வேலை செய்கிறது என்றார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏகாதசிக்கு வெங்காயம் உள்ளே வராது. எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருவார் என்று அப்பா அந்த நேரத்தில் வாசல் கதவைச் சாத்திவிடுவார். அந்த வாடை உள்ளே வரக்கூடாதாம். அதே வீட்டில், சாத்திய கதவுக்குள்ளே, வெள்ளி டம்ளரில் ஊற்றி, சுவாமிக்கு முன்னால் வைத்து எடுத்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அரிஷ்டம் என்பது காய்ச்சிய கஷாயத்தை வெல்லம் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைப்பது. வெல்லம் புளித்தால் என்ன ஆகும் என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் சாராயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

நீ பிறந்த செய்தி கேட்டு லீவு போட்டுவிட்டு வந்தேன். தூளியில் சுண்டுவிரல் தடிமனில் கால்களோடு கிடந்தாய். கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அழுகை குழந்தையின் அழுகை மாதிரி இல்லை, ஈரக் கண்ணாடியை விரலால் தேய்த்த மாதிரி மெல்லிசாக, விட்டுவிட்டு வந்தது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த மத்தியான நேரம். சாப்பாடு ஆனதும் வசு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். பாட்டில் மூடியைத் திருகினாள். உன் அழுகை நின்றது. கை நடுக்கமும் நின்றது. தூளித் துணிக்குள்ளே உன் முகம் மெல்ல மெல்ல அலமாரிப் பக்கம் திரும்பியது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் புத்தி, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடங்கும். மறுநாள் அவள் அலமாரிக்கு எழுந்துபோவதற்கு முன்னால் உன்னைத் தூக்கித் தலை கால் மாற்றிப் படுக்கவைத்தேன். மூடி திறந்தது. உன் முகம் மறுபக்கமாகத் திரும்பி அலமாரியைத் தேடிக்கொண்டது. "அம்மா மருந்து சாப்பிடறது அதுக்குத் தெரியறது பார். சமத்து" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு அந்த அறையில் தூங்கவில்லை.

நீ தவழும்போது வசுவுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க குடிப்பாங்களா?" அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எந்தாத்துப் பொண்ணைப் பார்த்து என்ன கேக்கறேள்? அந்த வாசனைகூடத் தெரியாம வளர்ந்தவ அவ" என்றார். டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அப்புறம் யாரும் எங்களை அந்தக் கேள்வி கேட்கவில்லை. வசு போன அன்று உன்னை என் மடியில் வைத்தார்கள். அதற்கப்புறம் நான் கோயம்புத்தூருக்குத் திரும்பவில்லை. கல்யாணம் ஆகாமலே தாயானேன் என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசட்டும், அந்தக் கேலியில் எனக்கு லாபம்தான்.

நீ வளர்ந்த கதை உனக்கே தெரியும். வாய்ப்பாடு காலையில் நிற்கும், மத்தியானம் இருக்காது. மணி பார்க்கத் தெரிய உனக்கு எவ்வளவு நாள் ஆயிற்று. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கையை விட்டுவிட்டாய். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு தெருநாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தொலைந்தவன் நீ, அந்த நாய்க்கு நீ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாய். வகுப்பு ஆசிரியை சோம்பேறி என்றாள், அதை நம்பி நானும் உன்னைத் திட்டினேன். அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். மயிலாப்பூரில் கற்பூரம் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனால் மட்டும் நீ கிளம்பவே மாட்டாய். கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நிற்பாய். கடைக்காரர், "பையனுக்கு மருந்து வாசனை பிடிச்சிருக்கு, டாக்டரா வருவான்" என்பார். நீ மருத்துவமனையில்தான் வேலை செய்கிறாய். நாய்க்கும் பூனைக்குமான மருத்துவமனை என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பிறகு அடையாறு ஆராய்ச்சி லேபில் எனக்கு வேலை கிடைத்தது. முட்டை என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு முட்டைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அடைகாக்கும் பெட்டிக்குள் கரு வளரும் கோழிமுட்டைகள் வரிசையாக இருக்கும். பகல் வேளையிலும் ஜன்னலை அடைத்து இருட்டாக்கிய சின்ன அறை. ஒவ்வொரு முட்டையையும் விளக்கின் மேல் பிடித்தால் ஓடு முழுவதும் சிவந்துவிடும். உள்ளே நூல் நூலாக ரத்த நாளங்கள், நடுவில் துடிக்கும் ஒரு புள்ளி. அதுதான் இருதயம். முகம் இல்லை, கை கால் இல்லை, வெறும் இருதயம் மட்டும் முந்திக்கொண்டு வந்து துடித்துக்கொண்டிருக்கும். பாதி முட்டைகளில் வெறும் உப்புத் தண்ணீர் சொட்டுவார்கள். மீதிப் பாதியில் மதுவின் சாரம். அப்புறம் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்ப்பார்கள். மது பட்டவற்றில் சிலதில் கண் இருக்க வேண்டிய இடத்தில் மிளகு அளவுக்குத்தான் ஏதோ இருக்கும். தலை குறுகியிருக்கும். இருதயம் மட்டும் எதுவும் நடக்காதது போலத் துடிக்கும். எனக்கு அதுதான் பயம்.

ஒரு நாள் எங்கள் பேராசிரியை மேடம் மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு சாயம் இருக்கிறது. உடலுக்குள் ஆக்சிஜன் எங்கே கெட்டுப்போய்க் கேடு செய்கிறதோ, அங்கே அது பச்சையாக ஒளிரும். உப்புத் தண்ணீர் கருவில் அங்கங்கே லேசான பச்சை. மது பட்ட கருவில் தலையும் முகம் வர வேண்டிய இடமும் பச்சை நெருப்பாக எரிந்துகொண்டிருந்தன. சத்தமில்லை, புகையில்லை. உன் வீட்டு ஜன்னல் கம்பியைக் கடல் காற்று தின்கிறதே, வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் துரு மேலே வருகிறதே, அதுதான் இது. நாம் உயிரோடு இருக்க இழுக்கிற அதே ஆக்சிஜன்தான் அந்தக் கம்பியை அரிக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் கொஞ்சம் இந்த அரிப்பு நடக்கிறது. அதைத் துடைக்க ஆட்களும் உள்ளேயே இருக்கிறார்கள். மது வந்தால் அதை உடைக்கிற வேலையில் அரிப்பு பல மடங்காகிறது. பெரியவர்களுக்கு ஈரல் இருக்கிறது, துடைக்கிற ஆட்களும் நிறைய. அவர்களே திணறிப்போவார்கள், வசுவைப் பார்த்தோமே. கருவுக்கு அந்த ஆட்கள் இன்னும் வேலைக்கே வந்து சேரவில்லை. தாயின் ரத்தத்தில் இருப்பது அப்படியே அதனிடம் போய்விடும்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். முகத்தைக் கட்டுகிற செல்கள் முகத்தில் பிறப்பதில்லையாம். முதுகுப்பக்கம், பிற்பாடு மூளையாகப் போகிற குழாயின் ஓரத்தில் பிறந்து, இருட்டில் இரண்டு பக்கமாகக் கிளம்பி நடந்து, முன்னால் வந்து சந்திக்கின்றனவாம். துடைக்கிற ஆட்கள் அவற்றிடம்தான் மிகவும் குறைவு. அரிப்பு வந்தால் முதலில் வழியிலேயே செத்து விழுவது அவைதான். அதைச் சொல்லிவிட்டு மாணவர்களுக்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். குழந்தை முகம், கோட்டோவியம். சின்னக் கண்கள். மெலிந்த மேலுதடு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் இருக்கிற அந்தப் பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. என் பர்ஸில் இருந்த உன் ஸ்கூல் போட்டோவைப் பார்த்து யாரோ வரைந்த மாதிரி இருந்தது, ரகு. உன்னை ஒரு நாளும் பார்த்திராத யாரோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து உன் முகத்தை வரைந்து வைத்திருந்தார்கள். நான் போட்டோவை வெளியே எடுக்கவில்லை.

"மேடம், ஒரு பொம்பளை மருந்துன்னு நெனச்சுண்டே இதைத் தினமும் குடிச்சா?" என்று கேட்டேன்.

"பாட்டில்ல என்ன பேர் ஒட்டியிருக்குன்னு கருவுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். வயிற்றில் இருக்கும்போதே பழகிய வாசனையைப் பிறந்த குழந்தை தேடித் திரும்பும் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்றைக்குத்தான் அந்தத் தூளிக்கு அர்த்தம் தெரிந்தது. நீ அம்மாவின் மருந்தைப் பார்த்துத் திரும்பவில்லை. உனக்குத் தெரிந்த ஒரே ஊர் அந்த வாசனைதான். அது இருந்த பக்கம் திரும்பினாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இது உன் ரத்தத்தில் இறங்கி உன் குழந்தைக்குப் போகிற வியாதி இல்லை. உன் தாத்தாவின் மூக்கு உனக்கு வந்திருக்கிறது, அது போகும், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் உன் மேலுதடு யாரிடமிருந்தும் வந்ததல்ல. நடந்து வந்தவர்கள் வழியில் விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான். உன் குழந்தைக்கு வேறு ஆட்கள் நடந்து வருவார்கள். நந்தினிக்கு நாள் தள்ளியது கரு நின்றதால்தான் என்றால், ஒருவேளை இந்த வாரமே கிளம்பியிருப்பார்கள். இந்த நாட்களில் வயிற்றுக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது முகத்தின் வேலை பாதி முடிந்திருக்கும். அதனால்தான் உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே எழுதுகிறேன். உன்னை மாதிரி இருந்தால் வேண்டாம் என்றாயே, அதை வாபஸ் வாங்கிக்கொள். உன்னை மாதிரி இருக்காது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உன்னை மாதிரி ஒன்றை நான் வளர்த்தேன், வேண்டாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

நந்தினி, இது உனக்கு. குடித்தது குடித்தாயிற்று. இரண்டு மூடிக்காக இரவெல்லாம் விழித்துக்கொண்டு கிடக்காதே. வசு குடித்தது வேறு அளவு, எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி ஆவதும் இல்லை. ஆனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு கோடு போட்டுக் கொடுக்க எங்கள் மேடத்துக்கே தெரியவில்லை. தெரியாத கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவதுதான் புத்தி. வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லேபில் முட்டைக்கு ஓரளவு உதவுகிறது என்பார்கள், அதை நம்பி யாரும் பிள்ளை பெறக்கூடாது. நாளைக்கே டாக்டரைப் பார், குடித்ததையும் மறைக்காமல் சொல். கேட்கிற டாக்டர் மேல் கோபித்துக்கொண்டு எழுந்த குடும்பம் இது, இன்னொரு தடவை அது நடக்க வேண்டாம். உன் அம்மாவிடம் ரகு பேசட்டும். ரகு, உனக்குச் சண்டை வராது என்று தெரியும். கடித்துக் குதறுகிற நாயையே நீ சமாதானப்படுத்துகிறாய், மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? அந்த அம்மாள் பாசத்தில் கொண்டுவந்தது. எங்கள் அப்பாவும் பாசத்தில்தான் கொண்டுவந்தார். மகளுக்கு எது நல்லது என்று நினைத்தாரோ அதைச் சுமந்து சுமந்து அலமாரியை நிரப்பினார். வசுவையும் திட்டாதே. அவள் குடிகாரி இல்லை. உன்னைத் தங்கவைக்க வேண்டும் என்று குடித்தாள்.

அந்தப் பாட்டிலை நான் கொட்டவில்லை. கொட்டியிருக்கலாம், கை அது வரை போயிற்று. ஆனால் நான் கொட்டினால் நாளைக்கு இன்னொன்று வரும். நீ கொட்டு. தொட்டியில் கொட்டும்போது அந்த வாசனை எழுந்து வரும். உன் தலை தானாகத் திரும்பும், அதற்காக வெட்கப்படாதே. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஜன்னலையும் திற, கடல் காற்று வரட்டும்.

எல்லாம் நல்லபடியாக நடந்து குழந்தை வந்தால், பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று பையில் ஒரு பழுப்புப் பாட்டிலோடு வரத்தான் போகிறார். மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ, யாரோ ஒருவர். வரட்டும், தடுக்காதே. அறைக்குள் வந்து மூடியைத் திருகித் திறக்கட்டும். அன்று நான் தூளிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீயும் வந்து உட்கார். அந்த வாசனை அறை முழுவதும் பரவும். நீ திரும்புவாய். குழந்தை திரும்பாது.

அம்மா